அடுத்த மாதம் என்ன புத்தகம்?

வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அரைமணி நேரத்தில் 14 பெயர்கள் வந்து விழும். அவற்றில் பத்துக்கு மேல், சொன்னவரே இன்னும் புரட்டாத புத்தகமாக இருக்கும். “ரொம்ப நாளா அலமாரியில தூங்குது, இந்தச் சாக்குல படிச்சிடலாமே” என்பதுதான் பெரும்பாலான பரிந்துரைகளுக்குப் பின்னால் இருக்கும் நிஜமான காரணம். தனி ஒருவருக்கு அது நல்ல காரணம். பன்னிரண்டு பேருடைய ஒரு மாதத்தை எழுதிக் கொடுக்க அது பற்றாது.

நாவல் என்றால் தேர்வு தவறினாலும் எப்படியோ கரையேறிவிடலாம். பிடிக்காத நாவலை ஒன்றரை மணி நேரம் திட்டித் தீர்க்கலாம். அன்றைக்கு அதுவே நல்ல அமர்வாகிவிடும். கட்டுரை நூலில் (சுயசரிதை, வரலாறு, அறிவியல், பயணம் என்று கற்பனையல்லாத எதுவும் இங்கே கட்டுரை நூல்தான்) இந்தச் சலுகை கிடையாது. பிடிக்காத கட்டுரை நூலை யாரும் முடிப்பதில்லை. பிடித்துப்போனாலோ இன்னும் சங்கடம். “நல்லா இருக்கு, நிறையத் தகவல்” என்பதற்கு மேல் யாருக்கும் வாய் வராது. இருபது நிமிடத்தில் பேச்சு வற்றி, மிச்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதன் பொருளைப் பற்றிய அரட்டையாகிவிடும். நீரிழிவைப் பற்றிய நூல் என்றால் அவரவர் சர்க்கரை அளவு, பொருளாதார நூல் என்றால் தக்காளி விலை, கல்வி பற்றிய நூல் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கட் ஆஃப்.

“நல்ல புத்தகமா?” என்று மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் இங்கேதான் வந்து நிற்போம். அதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும்: எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தாரா, ஆவணத்தில் படித்தாரா, யாரோ சொல்லக் கேட்டாரா, ஊகிக்கிறாரா? நாவலாசிரியரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கட்டுரை நூலைக் கூட்டாகப் படிப்பதன் ருசியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கும் நூலைப் பிடித்துவிட்டால் ஒருங்கிணைப்பாளர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டியதில்லை.

உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையான ‘என் சரித்திர’த்தையே எடுத்துக்கொள்வோம். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம். கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்த 25 வயது இளைஞர், ஊருக்கு முன்சீபாக (கீழ்நிலை நீதிபதியாக) வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற தொனியில் தள்ளிவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஏழு ஆண்டு கழித்து, 1887இல், சீவக சிந்தாமணி அச்சில் வந்ததற்கு வித்து அந்தச் சந்திப்பு.

இந்த இடத்தை அமர்வில் ஒருவர் உரக்கப் படித்த பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த உரையாடல் நடந்தது 1880இல். ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். அறுபது ஆண்டுக்கு முந்தைய பேச்சு, மேற்கோள் குறிக்குள், வார்த்தை வார்த்தையாக எப்படி வந்தது? 85 வயதில் எழுதுகிறவர் அதைத் தேவைக்கேற்பச் செதுக்கியிருப்பாரா? வாரப் பத்திரிகைத் தொடர் என்பதால் காட்சிகள் நாடகமாக்கப்பட்டனவா? அவமானப்பட்ட கதையைத் தன் வாயாலேயே சொல்கிறாரே, அதுவே அது உண்மை என்பதற்குச் சான்றாகுமா? நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் பேச்சு ஓடும். நூலைக் கொண்டாடுகிறவரும் சந்தேகப்படுகிறவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். அடுத்த மாத நூலில் இப்படி ஓர் இடமாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் தேர்வு வேலையின் பாதி.

மீதிப் பாதி கணக்கு. இதில்தான் பெரும்பாலான வட்டங்கள் சறுக்குகின்றன.

முதலில் பக்கக் கணக்கு. கவனமாக, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கட்டுரை நூல் படிப்பவருக்கு மணிக்கு 20 பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தினம் அரைமணி நேரம், 28 நாள் என்றால் 14 மணி நேரம். அதாவது 280 பக்கம். மாத அமர்வுக்கு அதுதான் உச்சவரம்பு. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் வரும் என்பதால் 220 என்று நிறுத்திக்கொள்வது உத்தமம். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே பக்கமில்லை. பெரிய டெம்மி அளவில் நெருக்கி அச்சடித்த பக்கமும் சிறிய கிரவுன் அளவில் காற்றோட்டமாக விட்ட பக்கமும் ஒன்றாகாது. படமோ உபதலைப்போ இல்லாத ஒரு முழுப் பக்கத்தில் பத்து வரிகளின் சொற்களை எண்ணி, பத்தால் வகுத்து, பக்கத்தின் வரி எண்ணிக்கையால் பெருக்குங்கள். 250 சொல் வந்தால் மேலே சொன்ன கணக்கு சரி. 350 வந்தால் 200 பக்க நூல்கூட 280 பக்க வேலை வாங்கும். ஆங்கில நூல்களுக்குச் சொல்லும் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற வேகம் இங்கே உதவாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். எழுத்தின் அளவையும் பார்த்துவிட வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் மூன்று பேர் இருக்கும் வட்டத்தில், பொடி எழுத்து நூலைத் தேர்ந்தெடுத்தால் அந்த மூன்று பேரும் சொல்லிக்கொள்ளாமல் கழன்றுகொள்வார்கள்.

பெரிய நூலே வேண்டும் என்றால் பிரித்துப் படிக்கலாம். பிரிக்கிற இடத்தைப் பக்க எண் தீர்மானிக்கக் கூடாது. ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயம். நான்கு மாதத்துக்குத் தலா முப்பது என்று வெட்டினால் கதை கழுத்திலும் இடுப்பிலும் வெட்டுப்படும். மாயூரத்தில் குரு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும்வரை ஒன்று, 1876இல் பிள்ளை மறையும்வரை இன்னொன்று, அங்கிருந்து கும்பகோணம் வேலை, முதலியார், சிந்தாமணி அச்சேறும்வரை மூன்றாவது, மிச்சம் நான்காவது. பங்குகள் சமமாக வராது. வராவிட்டால் என்ன, கனமான பங்குக்கு ஐந்து வாரமும் லேசான பங்குக்கு மூன்று வாரமும் கொடுத்தால் போயிற்று. கடைசி அமர்வுக்குக் கேள்வியும் தயாராக இருக்கிறது. 1942இல் ஆசிரியர் மறைந்ததால் நூல் பாதியில் நின்றது. கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துவிடுகிறது. பிந்தைய நாற்பது ஆண்டும் இல்லாத சுயசரிதையை முழுமையான சுயசரிதை என்று சொல்லலாமா?

பிரித்தும் தாங்காத நூல்கள் உண்டு. பிரெஞ்சுப் புதுச்சேரியில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு 1736இலிருந்து 1761 வரை ஓடுகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி. யாராவது உற்சாகத்தில் “முழுசா எடுத்துக்கலாம்” என்பார். ஒப்புக்கொண்டால் வட்டம் ஓராண்டில் கலைந்துவிடும். 1746ஆம் ஆண்டின் செப்டம்பரை மட்டும் எடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த மாதம் அது. எழுதியவர் புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கிறார், சண்டை நடப்பது சென்னையில். எதை அவர் பார்த்தார், எது பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் வாயிலிருந்து வந்தது, எது கடைத்தெருப் பேச்சு என்று மூன்று நிறப் பென்சிலால் குறித்துவரச் சொன்னால் அந்த அமர்வுக்கு வேறு தயாரிப்பே தேவைப்படாது.

அடுத்தது, புத்தகம் கிடைக்குமா என்பது. ஓட்டெடுப்பு முடிந்த பிறகு இதை விசாரிப்பது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. தமிழில் ஒரு காலத்தில் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், 1200 பிரதி. இன்றைக்குத் தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் பல நூல்கள் நூறு இருநூறாகத்தான் அச்சாகின்றன. 12 பிரதி ஒரே வாரத்தில் வேண்டும் என்றால் இல்லாமல் போக வாய்ப்பு நிறைய. இணையக் கடையில் ‘கிடைக்கிறது’ என்று இருப்பதை நம்பி உட்கார வேண்டாம். பதிப்பகத்துக்கே போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: கையில் எத்தனை பிரதி இருக்கிறது, எந்த ஆண்டுப் பதிப்பு, பத்துப் பிரதிக்கு மேல் வாங்கினால் என்ன கழிவு. பதிலில் ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். “இருக்கு சார்” என்றால் இருக்கிறது. “இருக்கும் சார்” என்றால் அலமாரிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கழிவு பெரும்பாலும் பத்து சதவீதத்திலிருந்து தொடங்கும். புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதம் எல்லாருக்கும் கிடைக்கும் என்பதால், மொத்தமாக வாங்குகிறவர்கள் அதற்கு மேல் கேட்பதில் தப்பில்லை. தமிழ்ப் புத்தக விலை இப்போது பக்கத்துக்கு ஒரு ரூபாயைத் தாண்டிவிட்டது. 300 பக்க நூல் 350 ரூபாய் என்றால் 12 பேருக்கு 4,200. கல்லூரி மாணவர்கள் இருக்கும் வட்டத்தில் இது லேசான தொகையில்லை. ஆறு பிரதி வாங்கி இரண்டு பேருக்கு ஒன்று என்று பகிர்ந்தால் பாதிச் செலவு. ஆனால் பக்க வரம்பும் பாதியாகிவிடும். ஒருவர் படிக்க ஒருவர் காத்திருக்க வேண்டுமே. யாரோ ஒருவர் இந்த இடத்தில் “பி.டி.எஃப். இருக்கு, குரூப்ல போடவா?” என்பார். 200 பிரதி அச்சடித்த பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிற காரியம் அது. காப்புரிமை முடிந்தவற்றையும் நாட்டுடைமையானவற்றையும் தாராளமாக இணையத்தில் எடுக்கலாம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ணி 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்தது. சாமிநாதையர் அந்தக் கணக்கில் 2003 தொடக்கத்திலேயே வந்துவிட்டார். மயிலை சீனி.வேங்கடசாமி போன்ற பலரைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் ஆகிய மூன்றிலும் தேடிவிட்டு அப்புறம் பணத்தை எடுக்கலாம்.

இலவசமாக எல்லாரும் அச்சிடலாம் என்பதால் வருகிற தொல்லையும் உண்டு. ஒரே நூல் நாலைந்து பதிப்பகத்தில் நாலைந்து பக்க எண்ணோடு கிடைக்கும். ஒருவர் 212ஆம் பக்கம் என்பார், இன்னொருவருக்கு அது 340. சிலர் கைக்குச் சுருக்கப் பதிப்பு வந்திருக்கும். அட்டையில் அதைப் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். அறிவிக்கும்போதே பதிப்பகம், ஆண்டு, அட்டைப் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அமர்வில் பக்க எண்ணை விட்டுவிட்டு அத்தியாய எண், பத்தி என்று சொல்லப் பழகுங்கள்.

இனிப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிற வேலை. தேர்வுக் கூட்டத்துக்குப் பரிந்துரைக்கிறவர் பிரதியைக் கொண்டுவர வேண்டும், குறைந்தது 50 பக்கமாவது படித்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியிலேயே அந்தப் பதினான்கு பெயர் நாலாகக் குறைந்துவிடும்.

தமிழ்க் கட்டுரை நூலைத் திறந்தால் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று வாசலிலேயே ஐந்து பேர் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். பின்னட்டையும் வேண்டாம். 240 பக்க நூலா, 120ஆம் பக்கத்தைத் திறந்து ஒரு முழுப் பக்கத்தைப் பரிந்துரைத்தவரே உரக்கப் படிக்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதல் அத்தியாயத்தை எல்லா ஆசிரியரும் இழைத்து இழைத்துத்தான் எழுதுகிறார்கள். நடுப்பக்கத்தில்தான் சரக்கு தீர்ந்துவிட்டதா என்பது தெரியும். கேட்பவர்கள் கையில் ஒரு துண்டுத் தாள். அந்தப் பக்கத்தில் வந்த ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றை ஒரு பக்கம் எண்ணுங்கள். ‘மாபெரும்’, ‘ஒப்பற்ற’, ‘மகத்தான’ வகையறாவை மறுபக்கம் எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைத் தாண்டினால் அந்த நூலைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

பிறகு கடைசிப் பக்கங்கள். குறிப்புகள் இருக்கின்றனவா? சொல்லடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல்)? தமிழில் சொல்லடைவு போடும் வழக்கம் இன்னும் பரவவில்லை. அமர்வின் நடுவே “அந்த நெசவாளர் விஷயம் எங்கே வருது?” என்று 12 பேரும் பக்கம் புரட்டும் சத்தத்தில் பேச்சு செத்துப்போகும். சொல்லடைவு இல்லாத நூல் என்றால் ஒருவர் பொறுப்பெடுத்து 25 பெயர்களுக்குப் பக்க எண் குறித்து ஒரு தாளில் கொடுத்துவிட வேண்டும். அரைமணி நேர வேலை.

பத்திரிகைப் பத்திகளைத் தொகுத்து வரும் நூல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கட்டுரை எந்த ஆண்டு வெளியானது என்ற குறிப்பை எடுத்துவிட்டிருப்பார்கள். உள்ளே ‘சென்ற ஆண்டு வெளியான அறிக்கை’, ‘தற்போதைய அமைச்சர்’ என்று வந்துகொண்டே இருக்கும். எந்தச் சென்ற ஆண்டு? பதிப்பு விவரப் பக்கத்தில் ‘முதல் பதிப்பு: 2023’ என்று இருந்தாலும் அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பாக மட்டும் இருக்கலாம், நூல் 1960களில் எழுதியதாக இருக்கும். என்னுரையின் அடியில் இருக்கும் தேதியைப் பாருங்கள், பழைய முன்னுரை சேர்த்திருக்கிறதா பாருங்கள். ஆண்டு தெரியாத கட்டுரையில் ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வியைக் கேட்கவே முடியாது.

மொழிபெயர்ப்பு நூல்களுக்கு ஒரு குறுக்குச் சோதனை போதும். எண்களைப் பாருங்கள். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம், ஒரு பில்லியன் என்பது 100 கோடி, ஒரு டிரில்லியன் என்பது லட்சம் கோடி. மூலத்தில் 2.5 பில்லியன் இருந்தால் தமிழில் 250 கோடி இருக்க வேண்டும். அது 25 கோடி என்று இருந்தால், அந்த மொழிபெயர்ப்பை யாரும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். வாக்கியங்களிலும் இதே கதிதான் இருக்கும். எந்த மொழியிலிருந்து நேரே வந்தது, ஆங்கிலம் வழியாக வந்ததா, மூலத்தின் அடிக்குறிப்புகள் தமிழிலும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடலாம். குறிப்புகளைக் கழற்றிவிட்ட மொழிபெயர்ப்பு, அறிவியல் வரலாறு போன்ற நூல்களில் பெரிய இழப்பு. வட்டத்தில் சிலர் ஆங்கிலத்திலும் சிலர் தமிழிலும் படிப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரே பத்தியை இரண்டிலும் படித்து ஒப்பிட்டால் கால்மணி நேரம் சுவையாகப் போகும்.

வகைவாரியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி. அறிவியல் நூல் எடுத்தால் வட்டத்தில் இருக்கும் ஒரே பொறியாளர் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். துறை தெரிந்தவர் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்கும் அது நல்லது, எது புரியவில்லை என்று தெரிந்துகொண்டு பேசுவார். அரசியல்வாதியின் சுயசரிதையைத் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதம் தொடாதீர்கள். சுயமுன்னேற்ற நூலைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. அதில் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டால் விழுவது நாலு வெளிநாட்டு முதலாளிகளின் கதைதான்.

சிறு கட்டுரைத் தொகுப்புகள் வட்டத்துக்கு வரப்பிரசாதம். முழுக்கப் படிக்காதவரும் படித்த நாலு கட்டுரையை வைத்துப் பேசலாம். தொ.பரமசிவனின் ‘பண்பாட்டு அசைவுக’ளில் பல்லாங்குழியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சமமாகத் தொடங்கி, ஒருவர் சேர்க்க மற்றவர் இழக்கும் அந்த ஆட்டத்தைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு பொருத்திப் பார்க்கிறார். அமர்வுக்கு ஒரு பல்லாங்குழியைக் கொண்டுவாருங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். இரண்டு பேர் ஆடட்டும், மற்றவர்கள் யார் கையில் எத்தனை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதட்டும். கொட்டை குறைந்தவர் அடுத்த ஆட்டத்தில் குழிகளைக் காலியாக விட்டு ஆட வேண்டி வரும்போது கட்டுரை கண்முன்னால் நடக்கும். அதன் பிறகு விளையாட்டிலிருந்து சமூக வரலாற்றைப் படிப்பது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே ஊகமாகிறது என்று பேசுங்கள். அந்தச் சிறு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் பற்றாது.

பயண நூலுக்கு வரைபடம் வேண்டும். சிட்டியும் தி.ஜானகிராமனும் சேர்ந்து காவிரிக் கரையோரம் போய்வந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வந்தது. காவிரி நீர் பற்றிய 1924ஆம் ஆண்டுச் சென்னை–மைசூர் ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு முடிய மூன்று ஆண்டு மிச்சமிருந்த காலம். காவிரி நடுவர் மன்றம் வந்தது 1990இல், அதன் இறுதித் தீர்ப்பு 2007இல், கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி) என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2018இல். இவை எதுவும் தெரியாமல் எழுதிய இரண்டு பேரின் கண்ணில் ஆறு எப்படிப் பட்டது என்பதே இன்றைக்கு அந்த நூலைப் படிக்கக் காரணம். இந்த நாலு தேதியையும் ஒரு தாளில் எழுதி, குடகிலிருந்து பூம்புகார்வரை சுவரில் ஒரு வரைபடம் மாட்டிவிட்டால் போதும்.

நூல்கள் நாலாகச் சுருங்கிய பிறகு ஓட்டெடுப்பு. ஆளுக்கு ஒரு ஓட்டு முறையில் நடப்பதைப் பாருங்கள். 11 பேர். பொருளாதாரம் 4, பயண நூல் 3, அறிவியல் 3, சுயசரிதை 1. பொருளாதாரம் ஜெயித்துவிட்டது, வேறு நூலுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஏழு பேர். அடுத்த அமர்வுக்கு ஆறு பேர்தான் வருவார்கள். இதையே ‘எதெதைப் படிக்கத் தயார், எத்தனை வேண்டுமானாலும் டிக் செய்யலாம்’ என்று மாற்றினால் பொருளாதாரம் 5, பயண நூல் 9, அறிவியல் 7, சுயசரிதை 4 என்று வரும். ஒன்பது பேர் தயாராக இருக்கும் நூல் யாருக்கும் உயிரான நூலாக இல்லாமல் இருக்கலாம். ஒன்பது பேரும் முடித்துவிட்டு வருவார்கள் என்பதுதான் கணக்கு. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பல பதில்களைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. ஆனால் யார் எதற்குப் போட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிடும், மூத்தவர் தொட்டதையே மற்றவர்களும் தொடுவார்கள். துண்டுச் சீட்டு எவ்வளவோ மேல். ஆறேழு பேர் கொண்ட சின்ன வட்டத்துக்கு ஓட்டே வேண்டாம். முறை வைத்து ஆளுக்கொரு மாதம் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை ‘இது என்னால் முடியாது’ என்று தடுக்கும் உரிமையைக் கொடுத்தால் சண்டை வராது.

பரிந்துரைத்தவரையே அமர்வை நடத்தவும் விடாதீர்கள். தன் நூலுக்கு வக்கீலாகிவிடுவார். ஆசிரியரை அழைப்பதிலும் இதே சிக்கல்தான். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது “இந்த இடத்துல ஆதாரம் பத்தலை” என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. அழைத்தே ஆக வேண்டும் என்றால் முதல் ஒரு மணி நேரம் நாம் மட்டும் பேசிவிட்டு, இரண்டாம் மணிக்கு அவரை வரச் சொல்லலாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் பரீட்சை. ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை, பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் புத்தகம் பிரிக்கவே முடியாது. நூறு, நூற்றிருபது பக்க நூலை அந்த மாதங்களுக்கு ஒதுக்குங்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சியையொட்டி எல்லார் பையிலும் புதுப் புத்தகம் இருக்கும். கூட்டுப் புத்தகத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்த மாத அமர்வை அடுத்த ஆறு மாதத்துக்கான தேர்வுக் கூட்டமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், பிரதிகளும் கையிலேயே இருக்கும். எப்போதும் அடுத்த நூல், அதற்கடுத்த நூல் என்று இரண்டை முடிவு செய்து வையுங்கள். பதிப்பகத்திலிருந்து பார்சல் வரப் பத்து நாள் ஆனால் 28 நாள் கணக்கு 18 ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் தவறு நடக்கும். இரண்டாவது வார முடிவில் குழுவில் ஒரே கேள்வி போடுங்கள்: எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்? பாதிப் பேர் 60ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம். மூன்று அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்து “இதை மட்டும் படிச்சிட்டு வாங்க” என்று அறிவித்துவிடுங்கள். படிக்காத 12 பேர் 300 பக்கத்தைப் பற்றிப் பேசுவதைவிட, படித்த 12 பேர் 50 பக்கத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவோ தேவலை.

வட்டத்துக்கு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நூல், பதிப்பு, விலை, வந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்று எல்லாரும் எழுதுவார்கள். இன்னொரு பத்தியைச் சேருங்கள்: முடிக்காதவர் நின்ற பக்கம். கூச்சப்படாமல் சொல்லச் சொல்லி அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். பத்து நூல் ஆனபின் அந்தப் பத்தியை மட்டும் பாருங்கள். வரலாற்று நூல்களில் பலரும் 90க்கும் 110க்கும் நடுவே நிற்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த தேர்வுக் கூட்டத்தில் உரக்கப் படிக்க 120ஆம் பக்கத்துக்குப் பதிலாக நூறாவது பக்கத்தைத் திறக்க வேண்டும்.